எண்ணெய் பட்ட இடம்

அருளப்பன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த தகட்டை முகம்மது சுல்தானின் மேசைமேல் போட்டார். டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"பாரும் பாய், நல்லாப் பாரும். ஒம்ம பட்டறைல ஒட்டின ஒட்டு இது."

ஆவணி மாதம் அவருடைய ஃபைபர் வள்ளத்தின் முன்பக்கத்தில் நான் போட்ட ஒட்டு. பாதிக் கதவு அளவு இருக்கும். வள்ளம் பாறையில் மோதி விரிந்த இடத்தின்மேல் கண்ணாடி நார்ப்பாயையும் ரெசினையும் மூன்று அடுக்காகப் போட்டிருந்தேன். தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். வள்ளத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் வழவழவென்று இருந்தது. வள்ளத்திலிருந்து ஒரு சிராய்கூட அதோடு வரவில்லை. வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்திருந்தது.

நல்ல ஒட்டு அப்படி வராது. பிய்த்தால் அடியில் இருப்பதையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

"எங்க வச்சு உரிஞ்சுது அண்ணாச்சி?" என்றேன்.

"கடல்ல வச்சுதான். கரையில வச்சுன்னா நான் ஏன் இங்கன வந்து நிக்கேன்? நானும் டெனிசும் மட்டுந்தான். முன்னறையில தண்ணி ஏறி மூக்கு தாழுது. கை நொழையுத வாய் வழியா அவன் போணியால கோருதான். போணியால எம்புட்டுத்தான் கோருவான்? மாதா காப்பாத்தினா, கரை சேந்தோம்."

சுல்தான் கவிழ்ந்த டீயைத் துடைக்கவில்லை. அவர் மேலப்பாளையத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை. இரண்டு வருடமாக வள்ளம் பழுது பார்ப்பதும் உண்டு. வேதியியல் படித்தவன் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"டெனிசு இனிமே அந்த வள்ளத்துல கால் வைக்க மாட்டேங்கான்," என்றார் அருளப்பன். குரல் இறங்கியிருந்தது. "தூத்துக்குடியில விசைப்படகுக்கு ஆள் கேக்காவளாம். திங்கக்கெழம போறேங்கான். அவன் போயிட்டா நான் ஒத்தையில எங்க போவ? சீலா மீன் வரத்து தொடங்கப் போவுது. வள்ளத்த விக்க வேண்டியதுதான்."

அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை. டெனிசுக்கு இருபத்திரண்டு வயது.

"என்னவே சம்பந்தம், என்ன சொல்லுதீரு?" என்று என் பக்கம் திரும்பினார் சுல்தான்.

"தெரியல பாய். போய்ப் பாக்கணும்."

"தெரியலைன்னு சொல்லுததுக்கா எம்மெஸ்ஸி படிச்சீரு?"

என் மனைவி மதுமதி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் யார் எதைக் கேட்டாலும் தெரியவில்லை என்று சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. அடுத்த கல்யாணம் எப்போது என்று கேட்டாலும், மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாலும் அதுதான் பதில். இது மட்டும் தெரிய வேண்டும் என்று அன்று தோன்றியது.

புதன்கிழமை காலையில் புறப்பட்டேன். தசரா சமயம். திருச்செந்தூரில் ஏறிய பஸ் நேர்த்திக்கடனுக்கு வேஷம் போட்டுக் குலசேகரன்பட்டினம் கோயிலுக்குப் போகிறவர்களால் நிரம்பியிருந்தது. என் பக்கத்தில் போலீஸ் வேஷம் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ரெசின் டின்னை வைத்தேன். அசிட்டோன் கேனை நானே வைத்துக்கொண்டேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்னவே இது, மண்ணெண்ணெயா? எறங்கும் எறங்கும்."

"மருந்து," என்றேன்.

"வள்ளத்துக்கு மருந்தாம். நான் விசாரிச்சிட்டேன். நீரு போவும்," என்றார் போலீஸ் வேஷம். கண்டக்டர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அருளப்பனின் ஊர் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே இருந்தது. வள்ளத்தைக் கரையில் ஒருக்களித்துச் சாய்த்து, மேலே ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். டெனிஸ் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். இந்தத் தடவ எத வச்சு ஒட்டப் போறீக? ரெசினா, பழஞ்சோறா? பட்டம் ஒட்ட நாங்க பழஞ்சோறுதான் வைப்போம். அது நல்லா ஒட்டும்."

"சும்மா கெடலே," என்றார் அருளப்பன்.

எனக்கு மூன்று சந்தேகம் இருந்தது. ஒன்று, நார்ப்பாய். கண்ணாடி நார் வெறும் கண்ணாடியாக இருந்தால் ரெசின் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் ஆலையிலேயே அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சுதான் நாருக்கும் ரெசினுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. கடற்கரை ஈரத்தில் அது கெட்டிருக்கலாம். இரண்டு, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர். பழையதாக இருந்திருக்கலாம். மூன்று, வள்ளத்தின் பரப்பு.

ஆவணியில் மிஞ்சிய நார்ப்பாயும் ஹார்டனரும் அருளப்பன் வீட்டிலேயே இருந்தன. வள்ளத்தில் அடிபடாத ஓர் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பழைய பாயில் பழைய ஹார்டனரோடு ஒரு துண்டும் புதிய பாயில் புதிய ஹார்டனரோடு ஒரு துண்டும் ஒட்டினேன். நாக்குப்போல ஒரு முனையை ஒட்டாமல் விட்டேன். மாலையில் இறுகியிருந்தது. குறடால் பிடித்து இழுத்தேன். இரண்டுமே வள்ளத்தின் வெள்ளை நாரைப் பிய்த்துக்கொண்டு வந்தன. ஆக, சரக்கில் குற்றமில்லை.

மிச்சம் இருந்தது பரப்பு. அதையும் ஆவணியில் நான் ஒழுங்காகத்தான் தேய்த்திருந்தேன். இறுகிப்போன பழைய ரெசின் கதவைச் சாத்திய வீடு மாதிரி. புதிய ரெசின் அதனோடு தானாகச் சேராது. பளபளப்பு போகும்வரை சுரண்டி, பற்கள் போலச் சிறு கீறல்கள் உண்டாக்க வேண்டும். ரெசின் அந்தக் கீறல்களுக்குள் இறங்கி இறுகும். இதைப் படித்தும் இருக்கிறேன், கையால் செய்தும் இருக்கிறேன். எம்.எஸ்ஸி. கடைசி வருடம் முழுக்கப் பனைநாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மேலே உள்ள மெழுகைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நான். நாரும் வலுவாக இருக்கும், ரெசினும் வலுவாக இருக்கும். இரண்டும் தொடும் இடம் சுத்தமில்லை என்றால் இரண்டின் வலுவும் வீண்.

அன்று பொழுது சாயும்வரை அருளப்பனும் நானும் அடிபட்ட இடத்தை மறுபடி தேய்த்தோம். அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். குடிதண்ணீரைக் கையால் தெளித்துப் பார்த்தேன். எண்ணெய்த் தட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சுத்தமான தட்டில் பரவும். இங்கே விரித்த துணிபோலப் பரவியது. பரப்பிலும் குற்றமில்லை. துடைத்துக் காயவிட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, நான்கு பக்கமும் கல் வைத்தேன். காலையில் பனி ஈரம் போனதும் ஒட்டுவதாக ஏற்பாடு.

"என்ன கண்டுபிடிச்சீக?" என்றான் டெனிஸ்.

"ஒண்ணும் இல்ல."

"அப்பம் மறுபடியும் அதத்தான் ஒட்டப் போறீக. மறுபடியும் அது உரியப் போவுது. நல்ல வேள, நான் திங்கக்கெழம போயிருவேன்."

அருளப்பன் தலையை இரு கையாலும் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

காலையில் நான் முதல் ஆளாகப் பந்தலுக்குப் போனேன். தாளை எடுத்தேன். பரப்பு உலர்ந்து, பார்க்க நன்றாகவே இருந்தது. நேற்றே தெளித்துப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் ஒட்டு ஏன் உரிந்தது என்று தெரியாமல் ஒட்ட மனம் வரவில்லை. மறுபடி ஒரு கை தண்ணீர் தெளித்தேன்.

தண்ணீர் பரவியது. ஓர் இடத்தில் மட்டும் விலகிப் போனது. கட்டைவிரல் அகலத்தில் நெட்டாக ஒரு கோடு. அதன் குறுக்கே சின்னதாக இன்னொன்று. இரண்டு கோட்டின்மேலும் தண்ணீர் நிற்கவில்லை. சிலுவை.

விரலால் தொட்டு முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். அதில் திரி கருகின வாசனை.

அருளப்பனின் மனைவி லூசி தூக்குச்சட்டியில் கருப்பட்டிக் காப்பியோடு வந்துகொண்டிருந்தாள். பூசை முடிந்து வந்த முக்காடு இன்னும் தலையில் இருந்தது. நான் குனிந்து நிற்பதைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"அக்கா, இங்க எண்ணெய் தேச்சது யாரு?"

"தேய்க்கல தம்பி. வரஞ்சது." சட்டியை மணலில் வைத்தாள். "அந்தோணியார் வெளக்கு எண்ணெய். சீசாவுல வாங்கி வச்சிருக்கேன்."

"எப்ப வரஞ்சீங்க?"

"பூசைக்குப் போவும்போதுதான். தாளை எடுத்துட்டு, திரும்ப மூடி வச்சிட்டுத்தான் போனேன். கல்லுகூட வச்சேனே."

"ஆவணிலயும் வரஞ்சீங்களா?"

"ஆமா. வள்ளத்துக்கு எல்லாரும் போடுததுதானே. எப்பவும் மூக்குல போடுவேன். இது அடிபட்ட எடம்லா? புள்ளைக்கு முட்டியில அடிபட்டா முட்டியிலதானே போடணும். முதுகுலயா போடுவாக?"

நான் அந்தக் கோட்டின்மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். நாள் முழுக்க எண்ணெயும் தண்ணீரும் புழங்குகிற கை அவளுடையது. நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"இதுல ஒட்டாதோ?" என்றாள். பிறகு மெதுவாக, "அப்பம் டெனிசு கடல்ல கெடந்து தண்ணி கோரினது... என்னாலயா?"

மதுமதிக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் நான் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். நான்காம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னாலயா டாக்டர் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்துத்தான் இல்லை என்றார். அவர் துடைத்த நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

"இல்லக்கா," என்று உடனே சொன்னேன். "என்னால."

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"பொய் சொல்லல. ஆவணிலயும் நான் ஒட்டுததுக்கு முன்னால அசிட்டோன் போட்டுத் தொடச்சேன். எண்ணெய் இருந்தாலும் அதுல போயிருக்கணும். ஆனா ஒரே துணிய வச்சுத் தொடச்சேன். அந்தத் துணி எண்ணெய எடுக்கல. எடம் பூரா பரத்திட்டு. நீங்க போட்டது ஒரு சாண். நான் அதப் பாதிக் கதவு அளவுக்கு ஆக்கிட்டேன்."

லூசி யோசித்தாள்.

"மீன் வறுத்த சட்டிய ஒரே துணியால தொடச்ச மாதிரி."

"அதேதான்."

"எம்புட்டுத் தொடச்சாலும் பிசுக்குதான் சுத்தும்."

"தண்ணி தெளிச்சும் பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்க வேண்டியது என் வேலை."

அவள் முகம் முழுதாகத் தெளியவில்லை. கொஞ்சம் தெளிந்தது.

"அவுகட்ட சொல்லாதீக தம்பி. டெனிசுட்டயும்."

"கேட்டா என் தப்புன்னு சொல்லுவேன். அது நெசந்தானே."

முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வெளுத்த பழைய வேட்டி ஒன்றோடு வந்தாள். கிழித்துக்கொண்டே எத்தனை வேண்டும் என்றாள். நிறைய என்றேன். ஒரு துணியில் அசிட்டோன் தொட்டு ஒரே திசையில் ஒருமுறை இழுத்தேன். உடனே உலர்ந்த துணியால் ஒற்றினேன். இரண்டையும் தூர எறிந்தேன். அடுத்த துணி. துடைத்தபின் புது உப்புத்தாள் எடுத்து அந்த இடத்தைத் திரும்பத் தேய்த்தேன். மறுபடி துடைத்தேன். எறிந்த ஒவ்வொரு துணியையும் லூசி எடுத்து முகர்ந்து பார்த்தாள். கடைசித் துணியை மூக்கில் வைத்து, "இதுல மருந்து வாடை மட்டுந்தான் இருக்கு," என்றாள்.

தண்ணீரை அவளையே தெளிக்கச் சொன்னேன். கோயிலில் தீர்த்தம் தெளிப்பதுபோல மூன்று தடவை தெளித்தாள். எங்கும் விலகாமல் பரவியது.

ஒன்பது மணிக்கு அருளப்பனும் டெனிசும் வந்தார்கள். நான் சொன்னேன்.

"அண்ணாச்சி, காரணம் தெரிஞ்சிட்டு. ஆவணியில பரப்புல எண்ணெய் இருந்திருக்கு. நான் பாக்காம ஒட்டிட்டேன். என் தப்பு."

அருளப்பனுக்கு முகம் சிவந்தது. அவர் பேசியதை எல்லாம் எழுத முடியாது. என் படிப்பில் தொடங்கி, பட்டறை, சுல்தான் பாய், சுல்தான் பாயின் மீசை எல்லாவற்றையும் தொட்டு, திரும்ப என் படிப்பில் வந்து நின்றார். மூச்சு வாங்கியபின் கேட்டார்.

"எண்ணெய் எங்கனருந்துவே வந்தது?"

லூசி டம்ளரில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எப்பிடி வேணாலும் வரும் அண்ணாச்சி. தலையத் தடவின கை பட்டாக்கூடப் போதும். எப்பிடி வந்ததுங்கது பெருசில்ல. பாக்காம ஒட்டினதுதான் தப்பு."

அருளப்பன் தம் உள்ளங்கையைப் பார்த்தார். டெனிஸ் சிரித்துவிட்டான். நான் வந்தபிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் முறை.

"எங்கப்பா தலையில ஒரு செக்கே ஓடுது சார். ஆவணியில அவருதான கூட நின்னாரு? ஒங்க தப்பு இல்ல, எங்கப்பா மண்டைதான் தப்பு."

"ஏலே!"

"தலையில துண்டு கட்டாம இங்க யாரும் கிட்ட வரப்பிடாது," என்றாள் லூசி. "கைய சோப்புப் போட்டுக் கழுவணும். எல்லாரும்."

கட்டினார்கள், கழுவினார்கள். டெனிஸ் தானாகவே வந்து நின்றான். எனக்கு உதவவா, குற்றம் பிடிக்கவா என்று தெரியவில்லை.

வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் இது. நார்ப்பாய் காய்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். ரெசினைத் தூரிகையால் குத்திக் குத்தி ஏற்றினால் வெள்ளை மறையும். நன்றாக ஊறிய இடத்தில் நார் இருப்பதே தெரியாது, அடியில் உள்ள வள்ளத்தின் நிறம் தெரியும். காற்று அடைபட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதை உருளையால் தள்ளி வெளியே விட வேண்டும்.

"அங்கன ஒண்ணு வெள்ளையா கெடக்கு," என்றான் டெனிஸ்.

தள்ளினேன்.

"இந்தால ஒண்ணு."

"உருளைய நீங்களே பிடிங்க."

பிடித்தான். "பைய," என்றேன். பைய உருட்டினான். வலை பொத்துகிற கை, அவசரப்படவில்லை. முதல் அடுக்கு முழுக்க இறுகும் முன்பே இரண்டாவதைப் போட்டோம். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சேரும். முழுக்க இறுகிவிட்டால் மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும். நான்கு அடுக்கு. ஓரத்தில், அதே பரப்பில், ஒரு நாக்கும் விட்டேன், இழுத்துப் பார்ப்பதற்காக. முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. இரண்டு மணி நேரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை என்பது கை கழுவும்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சுல்தானுக்குப் பேசினேன்.

"தப்பு என்னுதுதான் பாய். சொல்லிட்டேன்."

"ஊரறியச் சொல்லிட்டீரா?"

"ஆமா."

"அந்தக் கரையில ஆறு வள்ளக்காரன் நம்மளுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்வே."

"தெரியும் பாய்."

"சரி. இதாவது ஒட்டுதான்னு பாரும்." வைக்கப்போனவர் மறுபடி பேசினார். "சாப்பிட்டீரா? ஷரீபா கேக்கச் சொன்னா." ஷரீபா பீவி அவர் மனைவி.

"சாப்பிட்டேன் பாய். முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும்."

என்ன சாப்பிட்டேன் என்பது எனக்கு நினைவிருந்தது. சுல்தானும் அதைக் கவனித்திருக்க வேண்டும். "ம்," என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை இல்லை. ரெசின் இறுக வேண்டும், அவ்வளவுதான். லூசி எனக்காகத் தனிச் சட்டியில் தினமும் முருங்கைக்கீரை சமைத்தாள். சைவ வீட்டுப் பிள்ளைக்கு மீன் வாடையே ஆகாது என்று அருளப்பன் கேலி செய்தார். கடலில் அந்தப் பக்கம் மேகம் கறுத்துவருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை பெய்யவில்லை. டெனிஸ் தன் துணிகளைத் துவைத்து ஒரு பைக்குள் அடுக்கினான். பையை வாசல் பக்கத்தில் வைத்தான். அருளப்பன் அந்தப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போய் வந்தார்.

சனிக்கிழமை காலை நாக்கில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினேன்.

"இழுங்க," என்றேன் டெனிசிடம்.

இழுத்தான். வரவில்லை. காலை வள்ளத்தில் ஊன்றி இழுத்தான். கரையில் நின்ற மூன்று பேரை அழைத்தான். நான்கு பேரும் சேர்ந்து ஏலேலோ போட்டு இழுத்தார்கள். சடக்கென்று பிய்ந்தது. நான்கு பேரும் மணலில் மல்லாந்து விழுந்தார்கள். சிரிப்பு எழுந்தது.

டெனிஸ் சிரிக்கவில்லை. எழுந்து நாக்கைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை நார் முடிமுடியாக நின்றது. வள்ளத்தில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. ஒட்டு பிரியவில்லை. வள்ளம்தான் பிய்ந்திருந்தது. பழைய தகட்டை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்று வழவழவென்று, ஒன்று மயிர்மயிராக. அந்தப் பள்ளத்தை அடைத்து, வெயிலில் அது இறுகும்வரை காத்திருந்தோம்.

மூன்று மணிக்கு டெனிஸ், "சரி, கடல்ல வச்சுப் பாப்போம்," என்றான். பிறகு என்னைக் காட்டி, "ஒட்டினவரும் ஏறணும்," என்றான்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"நீச்சல் எதுக்கு? ஒட்டு ஒட்டிருக்கும்லா?"

கரையில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

வள்ளத்தைத் தண்ணீர் ஓரம்வரை தள்ளியாயிற்று. எஞ்சின் மாட்டியாயிற்று. டெனிஸ் ஒரு காலைத் தூக்கி வைக்கப்போனவன் நின்றான்.

"எம்மா, எண்ணெய் போட்டாச்சா?"

லூசி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். "இல்லல. இன்னைக்கு வேண்டாம்."

"என்னது, வேண்டாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"போடாம நான் ஏற மாட்டேன். பொறந்ததுலருந்து போடாம நாம எறங்கிருக்கோமா?"

லூசி என்னைப் பார்த்தாள். கண் நிரம்பியிருந்தது. சீசா அவள் மடியில்தான் இருந்தது, சேலை மடிப்பில் புடைத்துத் தெரிந்தது. கொண்டுவந்திருக்கிறாள். எடுக்க முடியவில்லை.

அருளப்பன் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வள்ளத்தின் அடிபட்ட இடத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தாடை ஒருமுறை அசைந்தது. ஆனால் வியாழக்கிழமை என்னிடம் பேசியதில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

"தம்பி," என்றார் என்னிடம். "இப்பம் போட்டா ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆவாது அண்ணாச்சி. இறுகியாச்சு. இனிமே எம்புட்டு எண்ணெய் போட்டாலும் மேலதான் நிக்கும். உள்ள போவ வழி இல்ல. எங்க வேணும்னாலும் போடலாம்க்கா. அடிபட்ட எடத்துலயே போடுங்க."

"போடுட்டி," என்றார் அருளப்பன். "பையன் நிக்கான்லா."

லூசி தண்ணீரில் இறங்கினாள். முழங்கால்வரை சேலை நனைந்தது. சீசாவைத் திறந்து, ஒட்டின இடத்தின்மேல் கட்டைவிரலால் நெட்டுக்கு ஒன்று, குறுக்கே ஒன்று இழுத்தாள். விரலில் மிஞ்சியதை டெனிசின் நெற்றியில் தடவினாள். சற்றுத் தயங்கி என் நெற்றியிலும் தடவினாள். காலையில் வைத்த விபூதியோடு அது குழைந்தது.

வள்ளம் அலையை ஏறியது. முதல் அலை முன்பக்கத்தில் அறைந்தது. முன்னறையின் வாய் வழியாக உள்ளே கைவிட்டு, ஒட்டின இடத்தின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டேன். இரண்டாவது அலை. மூன்றாவது. ஒவ்வொரு அறைக்கும் பரப்பு அதிர்ந்தது. கை நனையவில்லை.

கரை சிறிதாகியது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாந்தி எடுத்தேன். கையை மட்டும் எடுக்கவில்லை.

"முருங்கைக்கீரை போச்சு," என்றான் டெனிஸ் பின்னாலிருந்து. அவன்தான் எஞ்சினைப் பிடித்திருந்தான். "தண்ணி உண்டா சார்?"

"இல்ல."

"ஈரம்?"

"அதும் இல்ல."

எஞ்சினை முடுக்கினான். வேண்டுமென்றே அலைக்கு நேராக விட்டான். மூக்கு மேலே எழும்பித் தொம்மென்று விழுந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அருளப்பன் திட்டவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை அசைத்தேன், இல்லை என்று.

டெனிஸ் வேகத்தைக் குறைத்தான்.

"எப்பா, திங்கக்கெழம வல எடுப்பமா, தூண்டில் எடுப்பமா?"

அருளப்பன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். துண்டால் ஒருமுறை துடைத்தார்.

"வலதான்," என்றார். "சீலாவுக்கு வலதான எடுக்கணும். இதுகூட ஒனக்குத் தெரியலையாலே?"

"தெரியும். கேட்டேன்."

இருவரும் எந்த வலை, எத்தனை மணிக்கு இறங்குவது, பனி விழுமா என்று பேசத் தொடங்கினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. கை உள்ளே உலர்ந்தே இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.